எண்களுக்கு நம்பகம் தேடித் தந்தவர்

ஆண்டுதோறும் ஜூன் 29-ஆம் நாள் நாடெங்கும் புள்ளியியல் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் பிறந்த நாள் அது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் சிற்பி என்று பொருளாதாரம் பயின்றோர் அவரை அறிவர். அவர் பெயரால் வழங்கும் தொலைவு அளவையைக் கணினி அறிவியல் மாணவர்கள் அறிவர். ஆனால், வாழ்நாள் முழுவதும் அவரை விடாது தொடர்ந்த கேள்வி இவற்றைவிட எளியது. களத்துக்கே போகாத ஒருவர், தம் மேசைக்கு வந்து சேரும் ஓர் எண்ணை எதைக் கொண்டு நம்புவது என்பதே அது.

இன்று அக்கேள்வி அரசு அலுவலகங்களோடு நின்றுவிடவில்லை. நடுத்தர அளவிலான எந்த நிறுவனத்திலும் அதைக் காணலாம். சென்ற மாத விற்பனை எவ்வளவு என்று கேட்டால் விற்பனைப் பிரிவு ஒரு தொகையைச் சொல்லும். கணக்குப் பிரிவு வேறொன்றைச் சொல்லும். கிடங்குப் பதிவேடு மூன்றாவது ஒன்றைக் காட்டும். ஆலோசனைக் கூட்டத்தின் பாதி நேரம் எந்த எண் சரி என்ற வாக்குவாதத்திலேயே கழியும். முடிவில் நிர்வாக இயக்குநர் மூன்றையும் ஒதுக்கிவிட்டுத் தம் அனுபவத்தை நம்பி முடிவெடுப்பார். லட்சக்கணக்கில் செலவிட்டு வாங்கிய கணினி அமைப்பு அந்தக் கணமே பயனற்றுப் போகிறது. இந்த அவநம்பிக்கைக்கு என்ன மருந்து என்பதை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே வங்காளத்துச் சணல் வயல்களில் செய்து காட்டியவர் மகலனோபிஸ்.

கேம்பிரிட்ஜ் தந்த திருப்பம்

1893-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் பிறந்தார் மகலனோபிஸ். பாட்டனார் குருசரண், விக்ரம்பூரிலிருந்து கொல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்து, தேவேந்திரநாத் தாகூரின் நட்பால் பிரம்ம சமாஜத்தில் இணைந்தவர். கைம்பெண் ஒருவரை மணந்து சீர்திருத்தத்தைச் சொல்லோடு நிறுத்தாமல் வாழ்ந்து காட்டியவர். அத்தகைய குடும்பச் சூழலில் வளர்ந்த மகலனோபிஸ், மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1912-இல் பட்டம் பெற்றார். ஜெகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ரேயும் அங்கே அவருடைய ஆசிரியர்கள்.

மறு ஆண்டு இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜை ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாம் என்று போனவர், லண்டனுக்குத் திரும்பும் கடைசி ரயிலைத் தவறவிட்டார். நண்பர் ஒருவரோடு இரவு தங்கியவரை மன்னர் கல்லூரியின் தேவாலயம் வெகுவாகக் கவர்ந்துவிட, அக்கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார். அங்கேதான் நம் கணித மேதை ராமானுஜன் அவருக்கு நண்பரானார். கடுங்குளிரில் கம்பளிகளுக்குள் நுழைந்து உறங்க வேண்டும் என்பதை அறியாமல், படுக்கையின் மேலேயே மேலங்கியுடன் படுத்திருந்த ராமானுஜனுக்கு அந்த முறையைக் காட்டிக் கொடுத்தவர் மகலனோபிஸ். இக்காட்சியும், பத்திரிகைப் புதிர் ஒன்றை அவர் படித்துக் காட்டியபோது அடுப்பில் காய்கறியைக் கிளறியபடியே ராமானுஜன் விடையைத் தொடர்பின்னமாகச் சொன்ன நிகழ்ச்சியும் அவருடைய நினைவுகள் வழியாகவே நமக்குக் கிடைத்துள்ளன.

1915-இல் படிப்பு முடிந்து ஊர் திரும்ப வேண்டிய நேரத்தில், உலகப் போரின் காரணமாகக் கப்பல் புறப்படத் தாமதமாயிற்று. அந்த நாள்களைக் கல்லூரி நூலகத்தில் கழித்தவருக்கு, ஆசிரியர் மெக்காலே ‘பயோமெட்ரிகா’ என்னும் ஆய்விதழின் தொகுதிகளைக் காட்டினார். உயிரினங்களை அளந்து, அந்த அளவுகளிலிருந்து உண்மையை வடித்தெடுக்கும் கலையைப் பேசிய இதழ் அது. தொகுதிகள் முழுவதையும் விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். இயற்பியல் அறிஞராகப் புறப்பட்டவர் கொல்கத்தாவில் இறங்கும்போது புள்ளியியலில் மனம் தோய்ந்தவராக இருந்தார். இந்தியாவில் அத்துறைக்கு அப்போது ஒரு பாடப்பிரிவுகூடக் கிடையாது.

அளக்கும் கையைச் சோதித்தல்

மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தபடியே அவர் புள்ளியியல் ஆய்வுகளைத் தொடங்கினார். விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநர் நெல்சன் அன்னன்டேல், கொல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர்களிடம் எடுத்த உடலளவுகளை அவரிடம் ஒப்படைத்தார். 1922-இல் வெளியான முதல் ஆய்வுக் கட்டுரை அதிலிருந்து பிறந்தது. இரு மக்கள் குழுக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கியவை என்பதை அளக்கும் புகழ்பெற்ற தொலைவு அளவை, 1936-இல் முழு வடிவம் பெற்றதும் இவ்வழியில்தான்.

இந்த ஆய்வுகளின் போது அவர் கண்ட இடர்ப்பாடு வேறு. ஒரே மனிதரின் தலையை இரு ஆய்வாளர்கள் அளந்தால் இரு விடைகள் வந்தன. எலும்பின் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அளப்பது என்பதில் ஆளுக்கொரு வழக்கம். உயிருள்ள மனிதர்களை அளக்கும் முறைகளைத் தரப்படுத்த வேண்டிய தேவையைப் பற்றி 1928-இல் அவர் தனிக் கட்டுரையே எழுதினார். ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி திரட்டிய வங்காளச் சாதி, பழங்குடி உடலளவுகள் அதிகாரபூர்வமானவை என்று பல்லாண்டுகளாக மதிக்கப்பட்டு வந்தன. அவற்றையும் மகலனோபிஸ் வரிவரியாகச் சரிபார்த்துத் திருத்தம் வெளியிட்டார். அச்சில் வந்துவிட்டது என்பதாலோ, வெளியிட்டவர் உயர் பதவியில் இருந்தார் என்பதாலோ ஓர் எண் உண்மையாகிவிடாது என்பது அவருடைய உறுதி.

அவ்வுறுதியால் விளைந்த பயனை நாடு விரைவிலேயே கண்டது. 1922-இல் வடக்கு வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, நீரைத் தேக்கி வைக்கும் படுகைகளைப் பெருஞ்செலவில் அமைக்கலாம் என்று பொறியாளர்கள் எண்ணினர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு மழை, வெள்ளப் பதிவுகளை ஆராய்ந்த மகலனோபிஸ், அப்படுகைகளால் பயனில்லை. நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று காட்டினார். 1926-இல் ஒடிசாவில் வெள்ளம் வந்தபோது, ஆற்றுப்படுகை மேடிட்டுவிட்டது. எனவே கரைகளை உயர்த்த வேண்டும் என்றனர். அறுபது ஆண்டுப் பதிவுகளில் அதற்குச் சான்றே இல்லை என்று நிறுவிய அவர், ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டுவதே தீர்வு என்றார். பின்னாளில் மகாநதியில் எழுந்த ஹிராகுட் அணைக்கு வித்திட்ட சிந்தனைகளுள் இதுவும் ஒன்று.

மாநிலக் கல்லூரியில் தம் அறையின் ஒரு மூலையில் அவர் தொடங்கிய புள்ளியியல் ஆய்வுக்கூடம், 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனமாக உருவெடுத்தது. முதல் ஆண்டில் அதன் மொத்தச் செலவு ரூ.238. 1933-இல் ‘சங்கியா’ என்ற ஆய்விதழ் பிறந்தது. எண்ணிக்கை என்றும் தெளிந்த அறிவு என்றும் இருபொருள் தரும் வடசொல் அது.

சணல் வயலில் பிறந்த முறை

உலகச் சணலின் பெரும்பகுதி அக்காலத்தில் வங்காளத்தில் விளைந்தது. ஹூக்ளி நதிக்கரை ஆலைகள், ஏற்றுமதி வணிகர்கள், இடைத்தரகர்கள், லட்சக்கணக்கான உழவர்கள் என அனைவரும் அரசு வெளியிடும் விளைச்சல் முன்மதிப்பீட்டையே எதிர்நோக்கி இருந்தனர். மதிப்பீடு கூடினால் விலை சரியும், குறைந்தால் ஏறும். ஆகவே ஒவ்வொரு தரப்பும் அந்த எண்ணை ஐயத்தோடே நோக்கியது. ஒரு நிறுவனத்தின் பங்குதாரர், கடன் கொடுத்த வங்கி, மேலாளர், தொழிலாளர் ஆகியோர் அதன் கணக்கைப் பார்க்கும் பார்வைக்கு இது சற்றும் வேறுபட்டதன்று.

ஐயத்துக்குக் காரணமும் இருந்தது. ரயத்துவாரி முறை நிலவிய சென்னை மாகாணத்தில் ஊருக்கு ஊர் கர்ணம் இருந்தார். எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்பதை அடங்கலில் பதிந்தார். ஜமீன்தாரி முறையில் இருந்த வங்காளத்தில் அப்படியொரு கிராமக் கணக்கரே இல்லை. ஊர்க் காவலரான சௌக்கிதார் சொன்னதைக் காவல் நிலையம் மேலே அனுப்பும். அது கூட்டப்பட்டு மாகாணக் கணக்காகும். விளைச்சலோ அணாக் கணக்கில் மதிப்பிடப்பட்டது. முழு விளைச்சலைப் பதினாறு அணா என்று கொண்டால், இவ்வாண்டு பத்தணாவா, பன்னிரண்டணாவா என்று அலுவலர் கண்ணால் பார்த்துச் சொல்வார். எது முழு விளைச்சல் என்பதே மாகாணத்துக்கு மாகாணம் மாறியது.

இந்திய மத்தியச் சணல் குழுவின் ஆதரவோடு 1937-இல் மகலனோபிஸ் மாதிரிக் கணக்கெடுப்பைத் தொடங்கினார். உடனே மாகாணம் முழுவதற்கும் பாயவில்லை. முதலில் சிறிய அளவில் வெள்ளோட்டம். அதில் கண்ட பிழைகளைத் திருத்தி அடுத்த ஆண்டு சற்றுப் பெரிய அளவு. இப்படி ஐந்தாண்டுகள் படிப்படியாக விரிவாக்கினார். வரைபடத்தில் குருட்டாம்போக்கில் இடங்களைத் தேர்ந்து, அங்கே ஆள்களை அனுப்பிப் பயிரைப் பார்க்கச் செய்தார். களப்பணியாளர் நடந்து செல்ல எவ்வளவு நேரம், அளக்க எவ்வளவு நேரம் என்பதையும் பதியச் செய்தார். குறிப்பிட்ட செலவுக்கு மிகக் குறைந்த பிழை, அல்லது குறிப்பிட்ட துல்லியத்துக்கு மிகக் குறைந்த செலவு என்று திட்டமிட அப்பதிவுகள் உதவின.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வழக்கு. கல்லூரியில் மாதிரிக் கணக்கெடுப்பைக் கற்பிக்கும்போதெல்லாம் இப்பழமொழியிலிருந்தே நான் தொடங்குவது வழக்கம். சோறு ஒரே சீராகக் கொதிக்கும் பானைக்கு அது பொருந்தும். நாடு அப்படிப்பட்ட பானை அன்று. ஓரிடம் குழைந்தும் மற்றோரிடம் வேகாமலும் இருக்கும் பானையில் பல இடங்களிலிருந்து, நம் விருப்பு வெறுப்பு கலவாமல் எடுத்துப் பார்க்க வேண்டும். இதுவரை உலகப் புள்ளியியலாளர் பலரும் சொல்லியிருந்தனர். மகலனோபிஸ் அடுத்த கேள்வியைக் கேட்டார். பதம் பார்க்கிறவருடைய கை சரியானதா என்பதை எப்படி அறிவது?

அதற்கு அவர் கண்ட விடை, ஊடுருவும் துணை மாதிரிகள் என்னும் முறை. ஒரு பகுதியில் இருநூறு இடங்களைப் பார்க்க வேண்டும் என்றால், அவற்றை நூறு நூறாக இரு தொகுதிகளாகப் பிரிப்பார். இரண்டும் அதே பகுதி முழுவதும் பரவி, ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கும். ஒரு தொகுதியை ஒரு குழுவும் மற்றதை வேறொரு குழுவும் பார்க்கும். ஒருவர் விடை மற்றவருக்குத் தெரியாது. இரு குழுக்களும் கொண்டுவரும் மதிப்பீடுகள் நெருங்கி வந்தால் எண்ணை நம்பலாம். விலகி நின்றால், களத்துக்குப் போய்க் காரணம் தேட வேண்டும். வீட்டில் உட்கார்ந்தபடியே படிவத்தை நிரப்பியவர் இம்முறையில் எளிதில் அகப்படுவார்.

இதன் சிறப்பு இன்னொன்று. இரு மதிப்பீடுகளையும் அருகருகே அச்சிட்டு வெளியிடலாம். ஆலை அதிபருக்கோ அமைச்சருக்கோ புள்ளியியல் தெரிய வேண்டியதில்லை. இரண்டு எண்களுக்கு இடையே உள்ள இடைவெளியைக் கண்ணால் பார்த்தே, அந்தக் கணக்கின் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்று அவரே முடிவு செய்துகொள்ளலாம். நம்பச் சொல்லி வற்புறுத்தாமல், நம்பலாமா என்று சோதித்துப் பார்க்கும் கருவியைப் பயனாளியின் கையிலேயே கொடுத்துவிட்டார் அவர். அவருடைய பணியின் உயிர்நாடி இதுவே என்பேன்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. இரு குழுக்களும் ஒரே தவற்றைச் செய்தால் இரண்டும் ஒத்துப்போகும். இரண்டும் பிழையாக இருக்கும். பயிர் அறுவடைப் பரிசோதனையில் மிகச் சிறிய வட்டத்துக்குள் இருக்கும் பயிரை அறுத்து எடைபோட்டபோது விளைச்சல் கூடுதலாகத் தெரிந்தது. எல்லைக் கோட்டின் மேல் நிற்கும் பயிரையும் உள்ளே சேர்த்துவிடும் மனித இயல்பே அதற்குக் காரணம். வட்டம் சிறிதாகச் சிறிதாக அப்பிழையின் விகிதம் பெருகும். வெவ்வேறு அளவுள்ள வட்டங்களை அறுத்து ஒப்பிட்டுப் பார்த்தே இதை அறிய முடிந்தது. எந்த அளவு பொருத்தம் என்பதில் வேளாண் புள்ளியியல் அறிஞர் பி.வி.சுகாத்மேவுக்கும் அவருக்கும் நெடிய கருத்துப்போர் நடந்தது. பெரிய நிலத்துண்டுகளை அறுக்க வேண்டும் என்ற சுகாத்மேயின் வாதத்தில் நியாயம் இருந்தது. நாட்டின் பயிர் மதிப்பீட்டு முறை அவ்வழியே சென்றது.

சணலுக்கு ஒரு வசதி உண்டு. உழவர் அதை உண்ண முடியாது. ஏறக்குறைய முழு விளைச்சலும் ஆலைக்கோ துறைமுகத்துக்கோ வந்தே தீரும். அங்கே எடை போடப்படும். ஆகவே முன்மதிப்பீடு சரியா என்பதை ஆண்டிறுதியில் வணிகக் கணக்கோடு ஒப்பிட்டுவிடலாம். 1940-களில் அவ்வாறு ஒப்பிட்டபோது, ஆயிரக்கணக்கானோரை அமர்த்தி வயல் வயலாக எடுத்த அரசின் முழுக் கணக்கெடுப்பைவிட, அதன் பத்தில் ஒரு பங்கு அளவிலான செலவில் சில நூறு பேர் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பே வணிகக் கணக்குக்கு மிக நெருங்கி நின்றது. எண்ணிக்கை பெருகினால் துல்லியம் பெருகும் என்ற பொதுநம்பிக்கை அங்கே தகர்ந்தது. ஆயிரம் பேரை மேற்பார்வையிட முடியாது. நூறு பேரை முடியும்.

உப்பு சொன்ன உண்மை

இந்த மரபில் வந்த ஒரு நிகழ்ச்சி இன்றைய கணக்காளர்களுக்கும் தணிக்கையாளர்களுக்கும் பாடமாக வைக்கத் தக்கது. 1947-இல் தில்லியில் கலவரம் மூண்டபோது ஏராளமானோர் செங்கோட்டையில் தஞ்சம் புகுந்தனர். அவர்களுக்கு உணவளித்த ஒப்பந்ததாரர்கள் அனுப்பிய பட்டியல் தொகை அரசைத் திகைக்க வைத்தது. உள்ளே சென்று தலை எண்ண முடியாத நிலை. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தோடு நெடுங்காலம் தொடர்புடைய ஜே.எம்.சென்குப்தா, பட்டியலில் இருந்த அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றின் அளவை எடுத்துக்கொண்டார். ஒருவர் சராசரியாக உண்ணும் அளவால் ஒவ்வொன்றையும் வகுத்தார். ஒரே கூட்டத்துக்கு மூன்று வேறு எண்ணிக்கைகள் வந்தன. அரிசி காட்டிய எண்ணிக்கையே மிகப் பெரிது. உப்பு காட்டியது மிகச் சிறிது.

மிக மலிவான உப்பில் பொய்க் கணக்கு எழுதி எவருக்கும் ஆதாயமில்லை. விலை கூடிய அரிசியில் உண்டு. எனவே உப்பின் கணக்கே உண்மைக்கு நெருக்கமானது என்று முடிவு செய்தார். ஓர் எண்ணைப் பார்க்கும்போது, இதைக் கூட்டியோ குறைத்தோ எழுதுவதால் எழுதுகிறவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வியையும் உடன் கேட்க வேண்டும். ஊக்கத்தொகை விற்பனை அளவைப் பொறுத்திருக்கும் நிறுவனத்தில், விற்பனைக் கணக்கை விற்பனைப் பிரிவே எழுதுவது அரிசிக் கணக்குப் போன்றது. லாரி வாடகை, மின்கட்டணம், திரும்பி வந்த சரக்கு ஆகியவை அங்கே உப்புக் கணக்கு.

நாடளாவிய கணக்கு

விடுதலைக்குப் பின் ஜவாஹர்லால் நேரு அவரை 1949-இல் அமைச்சரவையின் கௌரவப் புள்ளியியல் ஆலோசகராக்கினார். டி.ஆர்.காட்கில், வி.கே.ஆர்.வி.ராவ் ஆகியோரை உறுப்பினர்களாகக் கொண்ட தேசிய வருமானக் குழுவுக்கும் அவரே தலைவர். நாட்டின் வருமானத்தைக் கணக்கிட அமர்ந்த குழுவுக்கு, மக்கள் எதை எவ்வளவு வாங்குகின்றனர் என்ற அடிப்படைத் தகவலே கையில் இல்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு. 1950 அக்டோபரில் முதல் சுற்று தொடங்கியது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து சுமார் 1,800 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஊருக்கு ஊர் மொழி வேறு, படி வேறு, நில அளவு வேறு. அவற்றை ஒரே அளவுக்குக் கொண்டுவருவதே பெரும்பாடாயிற்று.

சணல் வயலில் பிறந்த இரட்டை மாதிரி முறை இங்கும் தொடர்ந்தது. 1950-களின் நடுப்பகுதியிலிருந்து மாநில அரசுகளும் தமக்கென ஒத்த மாதிரிகளை எடுத்துத் தனியே கணக்கெடுத்தன; தமிழகத்தின் பொருளியல், புள்ளியியல் துறையும் அவ்வாறு பங்கேற்று வந்துள்ளது. ஐக்கிய நாடுகள் சபை மாதிரிக் கணக்கெடுப்புக்கென அமைத்த துணை ஆணையத்துக்கும் மகலனோபிஸ் தலைமை தாங்கினார். அமெரிக்காவின் டெமிங், இங்கிலாந்தின் யேட்ஸ் போன்றோர் அவரோடு அதில் பணியாற்றினர்.

தொழிற்சாலைகளையும் அவர் மறக்கவில்லை. உற்பத்தித் தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கண்டறிந்த வால்ட்டர் ஷூவர்ட்டை 1947-48 குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வரவழைத்தார். இயல்பான ஏற்ற இறக்கம் எது, காரணம் தேட வேண்டிய பிறழ்வு எது என்று பிரித்துக் காட்டும் அக்கலை, 1950-களில் மும்பை, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய இடங்களில் புள்ளியியல் நிறுவனம் அமைத்த பிரிவுகள் வழியே ஆலைகளுக்குள் நுழைந்தது. பின்னாளில் சென்னையிலும் கோவையிலும் அத்தகைய பிரிவுகள் அமைந்தன.

திட்டமும் விமர்சனமும்

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு 1955-இல் அவர் அளித்த வரைவு, கனரகத் தொழில்களுக்கு முதலிடம் தந்தது. உருக்கும் இயந்திரங்களும் செய்யும் திறன் வளர்ந்தால் நீண்டகால வளர்ச்சி விரையும் என்பது அதன் அடிப்படை. பி.ஆர்.ஷெனாய் மறுப்புக் குறிப்பு எழுதினார். சி.என்.வக்கீலும் பிரம்மானந்தாவும் உழைக்கும் மக்களுக்குத் தேவையான நுகர்பொருள்களை அத்திட்டம் புறக்கணிக்கிறது என்றனர். 1957-இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. வேளாண்மைக்கும் ஏற்றுமதிக்கும் உரிய இடம் தரப்படவில்லை என்ற விமர்சனத்தில் உண்மையுண்டு.

பயிர் மதிப்பீட்டில் இரண்டு குழுக்களை ஒன்றையொன்று அறியாமல் அனுப்பியவர், திட்டத்தின் அடிப்படை அனுமானங்களுக்கு அத்தகைய இரட்டைச் சோதனையை வைக்கவில்லை. மூலதனம் இவ்வளவு போட்டால் உற்பத்தி இவ்வளவு கிடைக்கும் என்ற விகிதங்கள் மெல்லிய தரவுகளின் மேல் நின்றவை. ஆயினும், திட்டத்தின் குறைகளை எடுத்துக்காட்ட விமர்சகர்களுக்கு உதவிய புள்ளிவிவரங்களில் பெரும்பகுதி அவர் கட்டியெழுப்பிய அமைப்பு தந்தவை என்பதை மறந்துவிடலாகாது. வளர்ச்சியின் பயன் யாரைச் சேர்ந்தது என்று ஆராய அமைந்த குழுவுக்கு 1960-இல் அவரே தலைமையேற்றார். பொருளாதார ஆற்றல் சிலரிடம் குவிவதை 1964-இல் வெளிவந்த அதன் அறிக்கை மறைக்கவில்லை.

நிறுவனத்தை நடத்துவதில் அவர் கண்டிப்பானவர். எல்லாம் தம் கையிலேயே இருக்க வேண்டும் என்று எண்ணியவர் என்ற குறையும் உண்டு. அதே கண்டிப்பின் நிழலில்தான் சி.ஆர்.ராவ், ஆர்.சி.போஸ், எஸ்.என்.ராய் போன்ற உலகப் புகழ் அறிஞர்கள் உருவாயினர். 1959-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அந்நிறுவனம் தேசிய முக்கியத்துவம் பெற்றது. 1970-களின் தொடக்கத்தில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அங்கிருந்து பிரிக்கப்பட்டு அரசின் நேரடிப் பொறுப்புக்குச் சென்றது. 1972 ஜூன் 28-ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முதல் நாள், மகலனோபிஸ் மறைந்தார்.

நமக்கான பாடம்

2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் தலைவர், கணக்கேட்டில் காட்டப்பட்ட சுமார் ரூ.5,040 கோடி ரொக்கமும் வங்கி இருப்பும் உண்மையில் இல்லை என்று எழுதிக் கொடுத்தபோது நாடே அதிர்ந்தது. அறிக்கைகள் அழகாக அச்சிடப்பட்டிருந்தன. கையெழுத்துகள் அனைத்தும் இருந்தன. வங்கியிடமிருந்து, நிறுவனத்தின் கை படாமல், தனியே பெறப்பட்டு ஒப்பிடப்படும் இரண்டாவது எண் உரிய காலத்தில் பேசியிருந்தால் அந்தப் பொய் அத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்காது.

பெரும்பாலான நிறுவனங்களில் மோசடி இல்லை. கவனக்குறைவும் குழப்பமுமே உண்டு. அவற்றுக்கும் மருந்து அதுவே. விற்பனை என்றால் ஆணை பெற்றதா, சரக்கு அனுப்பியதா, பணம் வந்ததா என்பதை முதலில் எல்லாப் பிரிவுகளும் ஒரே பொருளில் வரையறுக்க வேண்டும். உயிருள்ள மனிதர்களை அளப்பதில் 1928-இல் அவர் கேட்டது இதைத்தான். ஒவ்வொரு மாதமும் நூறு பட்டியல்களைக் குருட்டாம்போக்கில் எடுத்து, பதிவு செய்தவர் அல்லாத வேறொருவர் கிடங்கு வரையும் வங்கி வரையும் தொடர்ந்து சென்று பார்க்க வேண்டும். கிடைக்கும் வேறுபாட்டை மறைக்காமல் அறிக்கையிலேயே அந்த எண்ணுக்கு அருகில் எழுத வேண்டும். வேறுபாட்டைக் கண்டு சொன்னவரைக் கடிந்துகொண்டால், அடுத்த மாதம் வேறுபாடு அறிக்கையில் இராது; கணக்கில் மட்டும் இருக்கும்.

அரசுக்கும் இது பொருந்தும். 2017-18-ஆம் ஆண்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகள், தரவுகளின் தரம் சரியில்லை என்ற காரணத்தால் வெளியிடப்பட மாட்டா என்று 2019-இல் அறிவிக்கப்பட்டது. தரத்தில் ஐயம் இருந்திருக்கலாம். அவ்வாறாயின் தரவுகளை வெளியிட்டு, ஐயத்துக்கான காரணங்களையும் உடன் வெளியிட்டிருக்க வேண்டும். தன் குறையை ஒளிக்காத எண்ணையே மக்கள் நம்புவர். மூடிய பெட்டிக்குள் இருக்கும் எண்ணை, அது எவ்வளவு சரியாக இருந்தாலும், எவரும் நம்பார்.

பிழையே இல்லாத கணக்கு உலகில் இல்லை. இவ்வளவு பிழை இருக்கலாம் என்று தானே முன்வந்து சொல்லும் கணக்கு உண்டு. சொல்லாத கணக்கும் உண்டு. முன்னதை உருவாக்கும் வழியைத் தம் வாழ்நாள் உழைப்பால் காட்டிச் சென்றார் மகலனோபிஸ். புள்ளியியல் நாளன்று அவர் படத்துக்கு மாலையிடும் ஒவ்வோர் அலுவலகமும், அன்று தன் கணக்குகளில் ஒன்றையேனும் இரண்டாம் முறை, வேறொருவர் கையால் எண்ணிப் பார்க்கட்டும். அவருக்குச் செய்யும் உண்மையான அஞ்சலி அதுவாகும்.